கருப்பணன் ஆடிய படம்

திரையில் கருப்பணன் மங்கத் தொடங்கினான்.

“மூச்சை மெதுவா விடுங்கய்யா. அலை துள்ளுது” என்றாள் பயிற்றுநர் ஹம்சவேணி.

ராக்கியண்ணன் தலையில் அணிந்திருந்த அலைக்கவி என்னும் பட்டை மூளையின் அலைகளை நொடிக்கு நொடி அளந்தது. அலை அடங்கினால் படம் தெளியும், துள்ளினால் மங்கும். பிடித்த காட்சியைப் பார்க்கும் ஆசையிலேயே மூளை அடங்கக் கற்றுக்கொள்ளும். போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றி, கம்ப்ரசர் சத்தத்தில் காதைத் தொலைத்த திருச்செங்கோட்டுக்காரர்கள் பலரும் இப்படித்தான் காதிரைச்சலையும் தலைசுற்றலையும் போக்கிக்கொண்டார்கள்.

ராக்கியண்ணன் கொடுத்திருந்த காட்சி மத்தியப் பிரதேசத்துக் கரிசல் காடு ஒன்றில் எடுத்தது. அறுநூற்று நாற்பதாவது அடியில் தண்ணீர் பீறிட, கூட்டாளி கருப்பணன் சேறு சொட்டச் சொட்ட ஆடுகிறான். அடுத்த மாதமே ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

நாற்பது அமர்வுகளில் இரைச்சல் நின்றது. ராக்கியண்ணன் சுவரைப் பிடிக்காமல் நடந்தார்.

கருப்பணன் நினைவுநாளன்று அவன் மனைவி பாவாத்தாள் வீட்டுக்குப் போனார். வருடாவருடம் இருவரும் அந்தப் படத்தைப் பார்த்து, சிரித்து, அழுத பிறகுதான் இலையில் உட்காருவார்கள். இந்த வருடமும் படம் ஓடியது. பாவாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராக்கியண்ணனுக்குக் கொட்டாவி வந்தது.

“ஏனுங்ண்ணா, ஒடம்புக்கு முடியலீங்களா?”

“நல்லாத்தானம்மிணி இருக்கறேன்.”

உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ஹம்சவேணி முன்னால் போய் நின்றார். “இரைச்சல் திரும்பி வந்தாலும் பரவால்லீங்க. அவனை எனக்குக் குடுத்துருங்க.”

அவள் அலைக்கவியை மாட்டிச் சோதித்தாள். “அவரு மொகத்தைப் பாத்தாலே அடங்கணும்னு மூளை படிச்சிருச்சுங்கய்யா. மாத்திப் படிக்க வெக்கலாம். அதுக்கும் புடிச்ச காட்சி ஒண்ணு வேணுமுங்க, படமா இல்லாட்டியும் மனசுல நெனச்சாப் போதும். வேற ஏதாச்சும் ஞாபகம் இருக்குதுங்களா?”

மூன்று வயதில் அவர் மகள், கிளம்பும் வண்டியின் படியைப் பிடித்துக்கொண்டு, ‘நானும் வாரேன்’ என்று அழுதது மனதில் வந்து நின்றது.

அதுவும் கருப்பணனைப் போல் ஆறிப்போய்விடுமோ என்று பயந்து, “ஒண்ணுமில்லீங்க” என்றார்.

“இருக்குதுங்களே!” ஹம்சவேணி திரையைக் காட்டிச் சிரித்தாள். “இப்ப அலை என்னமாத் துள்ளுச்சு! அதையே வெச்சுக்கலாமுங்க.”

ராக்கியண்ணன் இரண்டு கைகளாலும் அலைக்கவியைப் பிடுங்கி எறிந்தார்.