பதினெட்டு மாதமாக அறுந்த தொடர்பு

காலை ஏழு மணிக்கு மருமகள் மாமியாரின் முதுகை வெந்நீரில் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் முதுகு, பிறகு இடது கை, அதற்கப்புறம்தான் வலது கை. வரிசை மாறினால் மாமியாருக்கு ஆகாது. இடுப்பெலும்பு முறிந்து அவர் படுக்கையில் விழுந்து பதினெட்டு மாதம்; இப்போதுதான் வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கிறார். அந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

கூடத்திலிருந்து கொழுந்தன் கத்தினான். லேத் பட்டறைக்காரன், அவன் மெதுவாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல்தான் இருக்கும். இன்று நிஜமாகவே கத்தினான்.

"அண்ணி! என்ன கடுதாசி இது? நேத்து தபால் பெட்டியில கிடந்தது!"

உறைமேல் அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே கையெழுத்தில் நாலே வரி. அம்மாவின் கட்டிலருகே வந்து நின்று உரக்கப் படித்தான்.

"நம் தொடர்பு அறுந்து பதினெட்டு மாதம் ஆகிறது. போன் செய்தாலும் நீங்கள் எடுப்பதில்லை. பயப்படாமல் வாருங்கள், உங்கள் ரகசியம் என்னிடம் பத்திரம். இனியும் தள்ளிப்போட்டால் காரியம் கெட்டுவிடும்."

கீழே ஒரு போன் நம்பர்.

"தொடர்பா...?" மாமியார் தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தார். "அடிப்பாவி! என் பிள்ளை போய் ஆறு வருஷம் முழுசா ஆகலையே! ஆறு மாசத்துக்கு ஒரு தரம் தையல் கிளாஸ்னு கிளம்புவியே, இதுக்குத்தானா? இத்தனை வருஷத்துல ஒரு பட்டனாவது தைச்சிருப்பியாடி?"

மருமகள் ஈரத்துணியைப் பிழிந்தாள். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் லாரி ஓட்டிய கணவன் சாகுமுன் அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தான்: "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்... நெஞ்சு சளின்னே இருக்கட்டும்." அவனுக்கு இருந்தது எச்.ஐ.வி. அவளுக்கும் அவன் தந்துவிட்டுப் போனது அதுதான்.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அதிகம் வருகிறது. அது வருமுன்னே கண்டுபிடித்து எப்படித் தடுப்பது என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் அவளும் சேர்ந்திருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரை நாள் போக வேண்டும். கடிதம் போட்டால் ஆஸ்பத்திரி பெயரோ நோயின் பெயரோ எழுதக்கூடாது என்று நர்ஸிடம் சத்தியம் வாங்கியதும் அவள்தான். அந்த ஜாக்கிரதையே இன்று அவள் கழுத்தை அறுத்தது.

கொழுந்தன் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"யாருடா நீ?"

"'டா' இல்லைங்க. 'டீ'ன்னாலும் எனக்குக் கோபம் வரும். நீங்க யாரு?"

"எங்க அண்ணியோட உனக்கு என்ன தொடர்பு?"

மறுமுனையில் குரல் தணிந்தது. "அதை அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன்."

"பாத்தியாம்மா! பொம்பளையை விட்டுப் பேச வைக்கிறான்!"

மாமியார் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டார். "என்னைத் தொடாதே! அந்தக் கையால என்னைத் தொடவே தொடாதே! வீட்டைவிட்டுப் போ..."

அந்தச் சொல்தான் அவளை உடைத்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"சிஸ்டர்... நான்தான். எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க. சொல்லுங்க."

"நிஜமாவே சொல்லலாமாம்மா? உங்க சம்மதம் இல்லாம..."

"சொல்லுங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"கடைசியா எடுத்த சோதனை சரியில்லைன்னு அப்பவே போன்ல சொன்னேனே! வந்திருந்தா அந்த இடத்தைச் சுட்டு எடுத்திருப்போம். பத்து நிமிஷ வேலைம்மா. எச்.ஐ.வி. இருக்கறவங்களுக்கு அது சீக்கிரம் புற்றா மாறிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே... ஏன் வரல?"

"அத்தைக்கு இடுப்பு உடைஞ்சிருந்தது சிஸ்டர். அரை நாள் விட்டுட்டு வர ஆள் இல்லை."

கொட்டிய வெந்நீர் கட்டிலுக்கு அடியில் ஓடியது. யாரும் துடைக்கவில்லை. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நெஞ்சு சளின்னு சொன்னியே..." மாமியாரின் குரல் தேய்ந்தது. "என் பிள்ளையா... உனக்கு...?"

"அவர் அப்படித்தான் சொல்லச் சொன்னார் அத்தை."

மறுநாளே கொழுந்தன் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பத்து நாளில் முடிவு வந்தது. அதைக் கேட்க நானும் வருவேன் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். நின்றது ஒரு காலில்தான், மறு காலுக்கு வாக்கர்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. புற்று கர்ப்பப்பையைத் தாண்டிவிட்டது. "கதிர்வீச்சு கொடுப்போம், வலி குறையும். எச்.ஐ.வி. மாத்திரையை விடாதீங்க. வருஷத்தைக் கூட்டித் தருவேன்னு என்னால பொய் சொல்ல முடியாதும்மா." பிறகு தயங்கிக் கேட்டார். "உங்க விவரத்தை ஆய்வுல வச்சுக்கலாமா?"

"வச்சுக்கங்க. யாருக்காவது உதவட்டும். ஆனா வராமப்போனவள்னு எழுதாதீங்க டாக்டர். வர முடியாமப்போனவள்னு எழுதுங்க."

மாமியார் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"டாக்டரம்மா... எனக்கு இடுப்பு உடையாம இருந்திருந்தா, இவ பிழைச்சிருப்பாளா?"

டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"இல்லை அத்தை. அப்பவே முத்திப்போச்சு. நான் வந்திருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது. என்ன டாக்டர்?"

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொய்!" என்று வெடித்தார் மாமியார். "பத்து நிமிஷ வேலைன்னு என் காதால கேட்டேனே... என் பிள்ளைக்காகப் பொய் சொன்னே, இப்ப எனக்காகவும் சொல்றியேடி! ஐயோ... என் உசிரை எடுத்துக்கிட்டு இவளை விட்டுடச் சொல்லுங்களேன்!"

வாக்கரை விட்டுவிட்டு அவர் அப்படியே மருமகள்மேல் சரிந்தார். அவளும் அழுதாள், ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். அழுதுகொண்டே ஒரு கையால் மாமியாரின் இடுப்பைத் தாங்கிப் பிடித்தாள்.

"பார்த்து அத்தை... அந்தப் பக்கம் பாரம் கொடுக்காதீங்க."