கணுக்கால் அளவு கடல்

எங்கள் ஊருக்குக் கோடை விடுமுறைக்கு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலோரத்து ஸ்பிலிட் எங்கள் ஊர். ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஒருவர் தனக்காகக் கட்டிக்கொண்ட அரண்மனைக்குள் இன்றைக்கு நாங்கள் மீன் வறுக்கிறோம், துணி காயப்போடுகிறோம், சண்டை போடுகிறோம். வருகிறவர்கள் அதையெல்லாம் படம் எடுக்கிறார்கள். கொடியில் தொங்கிய என் பனியனைக்கூட எடுத்திருக்கிறார்கள்.

அதனால் மாடி வீட்டு டோன்கா படியிறங்கி ஓடிவந்து, "பார்பா! என் தம்பி வரான்! கோடை முழுக்க இங்கதான்!" என்று கத்தியபோது நான் ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை. பார்பா என்பது என் பெயர் இல்லை. எங்கள் ஊரில் வயதானவர்களைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"உனக்கு ஏதுடி தம்பி? வீட்டுக்கு ஒத்தப் பொண்ணு நீ."

"சித்தி பையன், இலியா. வின்கோவ்ட்சி பக்கத்துல இருக்கான்."

"அங்க சோளக்காட்டத் தவிர என்ன இருக்கு?"

"அதனாலதான் பார்பா இங்க வரான்! என்னென்ன காட்டணும்னு நானே திட்டம் போடப்போறேன். அம்மா என்கிட்டயே விட்டுட்டாங்க."

டோன்காவுக்குப் பதினொரு வயது. தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் மீன்கொத்தி. படகுத்துறை மதில் மேலிருந்து அவள் தலைகீழாகப் பாய்ந்தால் தண்ணீர் தெறிக்காது. ஆண்பிள்ளைகளே வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

அவள் முற்றத்தின் நடுவில் நின்று திட்டம் போடத் தொடங்கினாள். அவ்வளவுதான், எல்லா ஜன்னலும் திறந்துகொண்டன.

"முதல் நாளே மதில்லேர்ந்து குதிக்க விடு!" என்றாள் ரொட்டிக்கடைக்காரி.

"என் படகுல கூட்டிட்டுப் போறேன். நடுக்கடல்ல குதிக்கட்டும்!" என்றான் என் கூட்டாளி பெப்போ.

"பாறைக்கு அடியில நண்டு பிடிக்கலாம்! முங்கினா போதும்!" என்றான் ரொட்டிக்கடைக்காரி மகன் ரோகோ.

"அவங்க ஊர்ல காரத் தொத்திறைச்சி நல்லா இருக்கும். கொண்டுவரானான்னு கேளு" என்றேன் நான்.

டோன்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பாத்துட்டே இருங்க. திரும்பிப் போறப்ப அவன் அழப்போறான். அடுத்த வருஷமும் வருவான். அதுக்கு அடுத்த வருஷமும் வருவான். எனக்குன்னு ஒரு தம்பி வருஷா வருஷம் வருவான்!"

இலியா வந்தான். நீளக் கை, விடைத்த காது, இரண்டு முழங்காலிலும் காயத் தழும்பு. தொத்திறைச்சியும் கொண்டுவந்தான். சரி, போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மதிலுக்குப் போனார்கள். டோன்கா பாய்ந்தாள், ரோகோ குதித்தான். இலியா சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தான்.

"வாடா!" என்று கூப்பிட்டாள் டோன்கா.

"வயிறு வலிக்குதுக்கா."

மறுநாள் பெப்போவின் படகு. இலியாவுக்குத் தலை வலித்தது. அதற்கு மறுநாள் நண்டு. அன்றைக்குக் காது வலித்தது.

"நாளைக்கு அவனுக்கு முடி வலிக்கும், பாரு!" என்று ரோகோ சொல்ல, பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். சோளக்காட்டுக்காரனுக்குத் திமிர், நம் கடலைப் பார்த்தால் அவனுக்கு இளப்பமாக இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் இலியா படியில் உட்கார்ந்து அவன் அம்மாவிடம் போனில் பேசினான். எங்கள் சுவர்கள் சக்கரவர்த்தி கட்டியவை, தடிமன். ஜன்னல்கள் அப்படி இல்லை. எல்லாம் கேட்கும்.

"சனிக்கிழமை பஸ்ல நான் வந்துடறேம்மா. இல்லம்மா, யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு இங்க வேண்டாம்மா."

டோன்காவும் கேட்டுவிட்டாள். என் கதவருகே வந்து நின்றாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அவனுக்கு நம்ம ஊரு பிடிக்கல, பார்பா. போயிட்டா இனிமே வரவே மாட்டான்."

"பிடிக்கலேன்னா போகட்டும். ஊர்க் கூட்டத்துல ஒரு ஆள் குறையும்."

"நீங்க பேசாதீங்க!" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். தினமும் சாயங்காலம் எனக்கு அவள் கொண்டுவரும் அத்திப்பழம் அன்றைக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலையில் நடந்ததை டோன்கா எனக்குப் பின்னால்தான் சொன்னாள்.

படகுத்துறைப் படிக்கட்டில் அவள் செருப்பு ஒன்று நழுவித் தண்ணீரில் விழுந்தது. "இரு, நான் எடுத்துத் தரேன்" என்று இலியாதான் முதலில் ஓடினான். கடைசிப் படியில் குந்தினான். அங்கே தண்ணீர் ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் படகு கட்டும் இரும்பு வளையத்தை அவன் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை விரல்கள் வெளுத்துப்போயின. வலது கை மட்டும் மெல்ல மெல்ல நீண்டது. செருப்பை எடுத்துவிட்டான். எடுத்ததும் இரண்டு படி பின்னால் தாவி வந்துதான் மூச்சு விட்டான்.

டோன்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவனுக்கு வயிறும் வலிக்கவில்லை, காதும் வலிக்கவில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது.

இத்தனை ஜன்னல் திறந்து இத்தனை பேர் யோசனை சொன்னோமே, அந்தப் பையனுக்கு நீந்தத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்கவே தோன்றாது. மூச்சு விடத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? அந்த மாதிரி. பாவம், அவனும் வெட்கத்தில் சொல்லவில்லை.

டோன்கா செருப்பை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்டா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் பிள்ளைகள் மதிலுக்குக் கிளம்பியபோது அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "நான் வரல. எனக்குக் காதுல வலி. தலைய நனைக்கக் கூடாது."

"என்னது? நீயுமா?" ரோகோ விழுந்து விழுந்து சிரித்தான். "மீன்கொத்திக்குத் தண்ணியப் பாத்துப் பயம் வந்துடுச்சு! சோளக்காட்டுக் காத்து ஒட்டிக்கிச்சு!"

வேறொரு நாளாக இருந்தால் அவனைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளியிருப்பாள். அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இலியா அவளையே பார்த்தான்.

அதன் பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"பார்பா, காலைல நீங்க ஆடற பந்து விளையாட்டுல எங்க ரெண்டு பேரையும் சேத்துக்கங்க."

பாச்விட்சே கடற்கரையில் மணல் வெகுதூரம் மட்டமாகப் போகும். அங்கே கணுக்கால் அளவுத் தண்ணீரில் வட்டமாக நின்று நாங்கள் ஆடும் ஆட்டம் பிட்சிகின். மேல் ரோமத்தை மழித்த டென்னிஸ் பந்து. அதை உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். குளிர்காலத்திலும் ஆடுவோம். எங்கள் அப்பாக்களும் ஆடினார்கள்.

"முடியாது" என்றேன். "அது சின்னப் பிள்ளைங்க ஆட்டம் இல்ல. அதுவும் வெளியூர்க்காரன வட்டத்துல சேக்கறதா? ஆளப் பாரு."

"ஐஞ்சு பேர் ஆடுவீங்க. மரினுக்கு முழங்கால்ல ஆபரேஷன். இன்னொருத்தர் மகள் வீட்டுக்குப் போயிட்டார். மிச்சம் மூணு பேர். மூணு பேர் நின்னா அது வட்டமா, பார்பா? அது முக்கோணம்!"

பக்கத்தில் இருந்த பெப்போ சிரித்த சிரிப்பில் அவன் பல்செட்டு விழப் பார்த்தது. "கணக்கு சரியாத்தான் இருக்கு. வரட்டும் விடுய்யா."

"ஒரு நாள்" என்றேன். "ஒரே ஒரு நாள்."

காலையில் வந்தார்கள். இலியா மணலிலேயே நின்றுவிட்டான். டோன்கா அவனைக் கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. தானாக நடந்துபோய் எங்களோடு நின்றாள். தண்ணீர் அவள் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம்தான் இருந்தது.

இலியா பெப்போவின் கால்களைப் பார்த்தான். என் கால்களைப் பார்த்தான்.

"இவ்வளவுதான் ஆழமா?"

"இதுக்கு மேல இருந்தா எப்படிடா ஓடறது?" என்றேன். "வரதுன்னா வா. வெயில் ஏறுது."

வந்தான். ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். அவனுக்குப் பந்தைத் தட்டினேன். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஐயோ! பிடிக்கக் கூடாது!" நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம்.

"நான் எங்க ஊர் டீம்ல கோல்கீப்பர்" என்றான் இலியா.

"இங்க கோலும் இல்ல, கீப்பரும் இல்ல. தட்டு!"

"யாரு ஜெயிப்பாங்க?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குத் தாத்தா ஆடறீங்க?"

"பந்து தண்ணில விழக் கூடாது. அதுக்குத்தான். வாய மூடிட்டு ஆடு!"

ஆடினான். கொஞ்ச நேரத்தில் பெப்போ கோணலாக ஒரு தட்டு தட்டினான். பந்து போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இலியா பறந்தான். உண்மையாகவே பறந்தான். உடம்பு முழுக்கத் தண்ணீருக்கு மேலே படுத்த வாக்கில் நீள, அந்த நீளக் கை எட்டி, விரல் நுனியால் பந்தை மேலே தூக்கிவிட்டான். பிறகு தொப்பென்று விழுந்து, வாயில் உப்புத் தண்ணீரோடு எழுந்தான்.

பந்து இன்னும் காற்றில் இருந்தது. டோன்கா அதைத் தட்டினாள்.

"இன்னொரு வாட்டி!" என்று இலியா கத்தினான்.

கரடுமுரடான மைதானத்தில் பாய்ந்து பழகியவனுக்குத் தண்ணீர் மெத்தை மாதிரி. பெப்போ என்னைப் பார்த்தான். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள் என்று சொன்னதைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அவர்கள் தினமும் வந்தார்கள். ரோகோவும் மற்ற பிள்ளைகளும் மணலில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். வெளியூர்க்காரர்கள் கை தட்டினார்கள். தட்டட்டும்.

ஆனாலும் சனிக்கிழமை பஸ்ஸைப் பற்றி இலியா ஒன்றும் சொல்லவில்லை. டோன்காவும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள்.

வெள்ளிக்கிழமை காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. நான் தட்டிய பந்து இலியாவின் விரலை உரசிக்கொண்டு பின்னால் போய் விழுந்தது. காற்று அதை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம். தவறவிட்டவன்தான் போய் எடுக்க வேண்டும்.

"போடா, எடு! தூரமாப் போகுது!" என்று கத்தினேன்.

இலியா நின்றான். பந்து போய்க்கொண்டே இருந்தது. மணலில் ரோகோ எழுந்து நின்றான். டோன்கா ஓரடி எடுத்து வைத்தாள். இலியா கையை நீட்டி அவளைத் தடுத்தான்.

முதுகை நிமிர்த்திக்கொண்டு, கரையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்:

"எனக்கு நீச்சல் தெரியாது. வேற யாராவது எடுங்க."

நாங்கள் மூன்று கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரொட்டி சாப்பிடத் தெரியாது என்று அவன் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டோம். எனக்கு அப்போதுதான் அந்த வயிற்று வலி, தலை வலி எல்லாம் புரிந்தது.

பெப்போதான் சமாளித்தான். "இதுக்கு இவ்வளவு சத்தம் எதுக்கு? யாருக்குத் தெரியுமோ அவங்க எடுத்துட்டு வாங்கப்பா. ஆட்டம் நிக்குது."

டோன்கா பாய்ந்தாள். தலை முங்க, வழக்கம்போலத் தண்ணீர் தெறிக்காமல். பந்தோடு திரும்பி வந்தாள்.

"காது வலி என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் அவசரமாகக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அவளுக்குக் காது வலியே இல்ல" என்றான் இலியா. "தினமும் ராத்திரி வாளில தலைய முக்கித்தான் குளிக்கறா. எனக்குத் தெரியும்." பிறகு மெல்லச் சொன்னான்: "எதுக்குன்னும் தெரியும்."

டோன்காவின் முகம் சிவந்துவிட்டது. பந்தை அவன் மேல் எறிந்தாள். அவன் தட்டினான்.

கரையிலிருந்து ரோகோ கையைக் குவித்துக் கூப்பிட்டான். வந்தது வம்பு என்று நான் திரும்பினேன்.

"டேய் இலியா! சோளக்காட்டுல இப்படிப் பறக்கக் கத்துக் குடுக்கறாங்களா? எனக்கும் ஒரு வாட்டி காட்டேன்!"

அன்று சாயங்காலம் படியில் மறுபடி போன் பேச்சு. நான் ஜன்னலை மூடவில்லை.

"அம்மா, நாளைக்கு வரலம்மா. வர முடியாது. நான் இல்லேன்னா நாலு பேர்தான், வட்டம் கெட்டுப் போயிடும். கடலா? இப்போதைக்குக் கணுக்கால் அளவு. திங்கக்கிழமை முழங்கால். அப்புறம் இடுப்பு. அக்கா புதுசாத் திட்டம் போட்டிருக்கா. கழுத்து எப்பங்கறத நான்தான் சொல்லணுமாம்."

பின்னால் டோன்கா சிரிப்பது கேட்டது. அன்றைக்கு என் கதவருகில் ஒரு தட்டு நிறைய அத்திப்பழம் இருந்தது.

ஆனால் நான் யார் பேச்சையும் லேசில் நம்புகிறவன் இல்லை. போனில் ஆயிரம் சொல்லலாம். சனிக்கிழமை காலையில் நானே பஸ் நிலையத்துக்குப் போய் நின்றேன். பெட்டி தூக்கியவர்கள் எல்லாரும் ஏறினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கதவு மூடியது. பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறையும் வரை நின்றுவிட்டு, பாச்விட்சேக்கு நடந்தேன்.

நான்கு பேர் தண்ணீரில் காத்திருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் நிக்கறது, பார்பா?" என்று என்னை முதலில் திட்டியவன் இலியாதான்.