இருபத்தொன்றாம் நம்பர் சரக்கு

இதனால் திண்டுக்கல் நகரத்தாருக்கும் சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: பேகம்பூர் தோல் ஷாப்பு முதலாளி ஜனாப் கே. ஜெகபர் அலி ராவுத்தர் அவர்களின் ஏக புத்திரன் செல்வன் ரஹ்மத்துல்லா, தோல் பதனிடும் உயர்தரப் படிப்பின் நிமித்தம், 1958-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சீமைக்குக் கப்பலேறுகிறார். அன்பர்கள் அனைவரும் ரயிலடிக்கு வந்திருந்து ஆசீர்வதிக்கக் கோருகிறோம்.

ரோஸ் நிறத் தாளில் அச்சடித்த இந்த நோட்டீஸ் வடக்கே பஸ் போகிற வரைக்கும், தெற்கே சித்தையன்கோட்டை வரைக்கும் போனது. கன்னிவாடிச் சந்தையில் இரண்டொரு ஆடுகள் அதைத் தின்றதாகக் கேள்வி. நியாயப்படி அந்தச் செய்தியில் அக்கறை காட்டவேண்டிய ஜீவன்களும் அவைதான்.

ரயிலடியில் நல்ல கூட்டம். ராவுத்தர் ஜரிகைத் தொப்பியும் நீளக் கோட்டுமாக நின்றார். பையன் மெலிந்து, ஒரு தோளைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றான். கப்பல் பிரயாணத்துக்காக இடது புஜத்தில் அம்மை குத்தியிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம், காலணா அகலத்துக்குப் பழுத்திருந்தது. "கைய அசைக்காதடா" என்று அவன் அம்மா சர்புன்னிசா நூறு தடவை சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ராவுத்தருக்கு அந்த யோசனை வந்தது.

திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் தோலை முழுசாகப் பதனிட்டு முடிக்கிற வழக்கமில்லை. பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு மயிர் உதிர்த்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சதையை வழித்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடத்தி, பலகையில் நாலு மூலையும் ஆணியடித்துக் காயவைத்து எடுத்தால் அதற்குப் பேர் அரைப்பதம். அதைக் கட்டாகக் கட்டிச் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். சாயமும் மெருகும் வெள்ளைக்காரன் பாடு. ஒவ்வொரு கட்டின் மேலும் தகரத்தில் வெட்டிய அச்சை வைத்துக் கறுப்பு மை பூசுவார்கள்: முதலாளி பேரின் மூன்று இங்கிலீஷ் எழுத்து, கட்டின் நம்பர், "அரைப்பதம், முடித்து எடுக்கவும்" என்று ஒரு வரி. அந்தக் கப்பலில் ராவுத்தரின் சரக்கு இருபது கட்டு போகிறது. பையனை இறக்கி, ரூம் பிடித்துக் கொடுத்து, காலேஜில் சேர்க்கவேண்டியதும் சரக்கு வாங்குகிற அதே ஏஜெண்டுத் துரைதான்.

"முத்துச்சாமி, அச்ச எடு. தம்பி டிரங்குப் பொட்டில அடி. இருவத்தொண்ணு."

மேஸ்திரி முத்துச்சாமி தயங்கினான். "மொதலாளி, இது ஆளு பொட்டியில்ல?"

"அடிலே. எம் புள்ள இங்க அரைப்பதம். மிச்சப் பதம் சீமைல!"

கூட்டம் சிரித்தது. ரஹ்மத்துல்லா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைப் பிடித்திருந்த அவன் இடது மணிக்கட்டின் உட்புறத்தில் ஈர மை ஒட்டி, நம்பர் திருப்பிப் பதிந்திருந்தது. ரயில் நகரும்போதும் கைக்குட்டையால் அதைத் துடைத்துக்கொண்டே போனான்.

முதல் கடிதம் நவம்பரில் வந்தது. நீல நிற விமானக் கடிதம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மேலே மின்விசிறி கறகறவென்று சுற்ற, ராவுத்தர் அதைப் பிரித்தார். பிரித்ததும் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நாற்றம்.

அவர் முப்பத்திரண்டு வருஷமாகத் தோல் ஷாப்பில் இருப்பவர். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவார். தன் தொழிலின் வாடை அவர் மூக்குக்குத் தெரிந்து ஒரு தலைமுறை ஆயிற்று. அப்படிப்பட்டவருக்கு, ஆறாயிரம் மைல் பறந்து வந்த காகிதத்திலிருந்து, பச்சைத் தோல் ஊறுகிற வாடை குப்பென்று வந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தார். கையில் இல்லை. காகிதத்தில்தான்.

"அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஸலாம். ரூம் துரையின் கிடங்குக்கு மேலேதான். எப்போதும் மழை. உடுத்தின துணி காய்வதில்லை. ஷில்லிங் போட்டால் எரிகிற காஸ் அடுப்பில் முட்டை வேகவைத்துச் சாப்பிடுகிறேன். வகுப்புக்கு டிராமில் போகிறேன். வீட்டுக்காரக் கிழவி தினமும் தொட்டியில் வெந்நீர் விட்டு ஊறச் சொல்கிறாள். தூரத்திலிருந்து வருகிறவர்களை முதலில் ஊறவைக்கத்தான் வேண்டுமாம். நேற்று ஒரு பகலும் ஒரு இரவும் ஊறினேன். எழுந்திருக்க மனமில்லை."

ராவுத்தர் இதை டீக்கடை வாசலில் நின்று சத்தமாக வாசித்தார். டிராம் வந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

டிசம்பர்க் கடிதத்தை ஷாப்பிலேயே, ஆட்கள் முன்னால் வாசித்தார். "இங்கே தண்ணீர் கடினமாம். கிழவி அதில் ஏதோ வெள்ளைப் பொடி கலக்கிறாள். உடம்பு அரிக்கிறது. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வருகிறது. புருவமும் போய்விட்டது. வகுப்பில் யாரும் என்னைக் கண்டுகொள்வதில்லை."

"அப்ப தம்பியச் சுண்ணாம்புல எறக்கிட்டாக மொதலாளி!" என்றான் முத்துச்சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். ராவுத்தர்தான் முதலில் சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியில் சுண்ணாம்புத் தொட்டியோரம் நின்றார். உச்சி வெயிலில் வெள்ளைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அடியிலிருந்து ஒரு குமிழி வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. தினமும் பார்க்கிற குமிழிதான். அன்றைக்கு அவர் கடைசிக் குமிழி வரைக்கும் நின்று பார்த்தார்.

சந்தேகம் வந்தது. பேய் பிசாசைப் பற்றியல்ல. ராவுத்தர் அவ்வளவு கௌரவக் குறைவாகச் சந்தேகப்படுகிறவரல்ல. மகனைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவேண்டும் என்று சொன்ன பையன். 'தோல் வேணாம் அத்தா' என்று ஒரு தடவை சொன்னான்; இரண்டாம் தடவை சொல்ல விடவில்லை. அந்தக் கோபத்தில் இப்போது விளையாடுகிறான். ஷாப்பு வேலையை வரிசை தப்பாமல் எழுதி அப்பனைக் கேலி செய்கிறான். எழுதட்டும். அடுத்தது என்ன எழுதுவான் என்று தெரியாதா?

தெரிந்திருந்தது. அதனால்தான் ஜனவரிக் கடிதத்தை அவர் மூன்று நாள் பிரிக்கவில்லை.

"இளைத்துவிட்டேன் அத்தா. கிழவியின் தம்பி வந்து முதுகை வழித்துவிடுகிறான். இரண்டு பக்கமும் பிடி வைத்த ஒன்று வைத்திருக்கிறான். வலிக்கவில்லை. அதைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். கொஞ்சமும் வலிக்கவில்லை."

சர்புன்னிசா அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, புள்ள என்ன எழுதிருக்கான்?"

"நல்லாருக்கானாம்."

"அம்புட்டுத்தானா? மூணு பக்கம் எழுதிருக்கான்."

"குளிருங்கறான். வேறென்ன?"

"படிங்க. நானும் செத்த கேக்குறேன்."

ராவுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காகிதத்தில் இல்லாததை வாசித்தார். பனி பஞ்சு மாதிரிக் கொட்டுகிறது. ஆசிரியப் பெருமக்கள் அன்பைப் பொழிகிறார்கள். சக மாணாக்கர்கள் திண்டுக்கல்லின் பெருமையைக் கேட்டு வியக்கிறார்கள்.



"இது அவன் எழுத்தில்லங்க. நீங்க அடிச்ச நோட்டீசு மாதிரில்ல இருக்கு." பிறகு மெல்ல, "அவன வரச் சொல்லுங்க" என்றாள்.

"கூறுகெட்டவளே, நாலு மாசத்துல திரும்பி வந்தா ஊரு என்ன பேசும்? ஐந்நூறு நோட்டீசு போட்டுருக்கேன்."

"ஊரு பேசட்டும். எனக்குப் புள்ள வேணும்."

ஐந்நூறு நோட்டீஸையும் திரும்ப வாங்கும் வழி அவருக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் துரையின் கடிதம் வந்தது. சரக்கு சம்பந்தப்பட்ட இங்கிலீஷ் மட்டும் ராவுத்தருக்கு நன்றாகப் படிக்க வரும். இருபது கட்டும் முதல் தரம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே:

"இருபத்தொன்றாம் நம்பர் மட்டும், மேலே அடித்திருந்த விவரத்துக்கு மாறாக, பச்சையாகவே வந்து சேர்ந்தது. எனினும் தங்களுடன் உள்ள நீண்டகாலத் தொடர்பை முன்னிட்டு, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம்."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியது. ஜன்னலுக்கு வெளியே பட்டை இடிக்கிற சத்தம், டொக் டொக்கென்று, ஒரே சீராக. இந்த வரியை எழுதியது மகனில்லை. இதில் கேலி இல்லை. துரைமார் சரக்கு விஷயத்தில் கேலி செய்வதில்லை.

அவர் எழுந்து தபாலாபீசுக்கு நடந்தார். செருப்புப் போட மறந்திருந்தார். வழியில் யாரோ, "என்ன ராவுத்தரே, மகனுக்கு வாழ்த்துத் தந்தியா?" என்று கேட்டார்கள். "ஆமா, ஆமா" என்றார். அதற்கும் சிரித்தார்.

தந்தித் தாளை வைத்துக்கொண்டு நின்றார். மகன் என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை அவருக்குத் தெரியும். நோட்டீஸில்கூடப் போட்டிருக்கலாமென்று யோசித்த வார்த்தை. ஆனால் தபால் குமாஸ்தா படிப்பான். படித்தால் சாயங்காலத்துக்குள் ஊர் படிக்கும். பென்சில் தன் பழக்கத்துக்கு ஓடியது. வியாபார இங்கிலீஷில், சுருக்கமாக, தப்பில்லாமல் எழுதினார்: இருபத்தொன்றை உடனே திருப்பி அனுப்பவும்.

பதில் இரண்டாம் நாள் வந்தது.

"பட்டைத் தண்ணீரில் இருக்கிறது. பாதியில் எடுத்தால் கெட்டுவிடும். முடித்து அனுப்புகிறோம்."

சரியான பதில். இருபது வருஷமாக அவசரப்படுகிற வியாபாரிகளுக்கு அவரே சொல்லிவந்த பதில். அவர் வாயிலிருந்து பிடுங்கி எழுதியது மாதிரி இருந்தது.

வேறு வார்த்தைகளில் இன்னும் மூன்று தந்தி கொடுத்தார். மகன் என்றே எழுதினார். குமாஸ்தா படித்தான்; ஊரும் படித்தது. அவற்றுக்குப் பதில் இல்லை.

மார்ச்சில் ஒரு நீலக் கடிதம் வந்தது. நீலமாக இல்லை. தேயிலைக் கறை ஏறிப் பழுப்பாகியிருந்தது. எழுத்துகள் படுத்துக் கிடந்தன, எதையோ கனமானதை மேலே வைத்து அழுத்தின மாதிரி.

"டீ அத்தா. காலையில் டீ. மத்தியானம் டீ. தொட்டியிலும் டீ. எல்லாம் துவர்ப்பு. குளிர் தெரியவில்லை. பசி இல்லை. வகுப்புக்குப் போகவேண்டாம் என்றார்கள். வகுப்பு இங்கேயே வருகிறது. பையன்கள் சுற்றி நின்று பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். கையை நீட்டு என்றார்கள். நீட்டினேன். காலையும். பலகை நல்ல பலகை. நாலு மூலையிலும்"

அதோடு சரி.

அவர் ஷாப்புக்குப் போவதை நிறுத்தினார். வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் உள்ளறைக்குப் போனார். சர்புன்னிசா கேட்பதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. அவள் வெறுமனே பார்த்தாள். சோறு வைத்தாள். பார்த்தாள்.

ஏப்ரல் பத்தாம் தேதி, பள்ளிவாசலில் மாலை அசர் பாங்கு சொல்லி முடித்த நேரம். பார்சல் வந்தது.

முத்துச்சாமிதான் தோளில் வைத்துக் கொண்டுவந்தான். கனமில்லை என்றான். மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நின்றான். காக்கித் தாள். சணல். மேலே கறுப்பு மையில் மூன்று எழுத்து. நம்பர். 'அரைப்பதம்' என்பதை யாரோ கோடு போட்டு அடித்திருந்தார்கள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே வார்த்தை. முடிந்தது.

ராவுத்தர் கதவைச் சாத்தினார்.

சணலை அறுத்தார். சுருள் தானாகவே விரிந்தது. அவசரமில்லாமல். தூங்கி எழுந்தவன் கை காலை நீட்டுகிற மாதிரி.

மெல்லிய தோல். தேன் நிறம். ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. இப்போது எந்த வாடையும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை வைத்தார். அவருக்கு அது பழக்கம். கண்ணை மூடி விரலை வைத்தால் சொல்லிவிடுவார்: வெள்ளாடா, செம்மறியா, எருமைக் கன்றா, ஆணா, பெண்ணா, எந்தச் சந்தை. ஒரு தடவையும் தப்பியதில்லை.

விரல் மெல்ல நகர்ந்தது.

வெள்ளாடு இல்லை.

செம்மறி இல்லை.

விரல் ஒரு மேட்டில் தட்டியது. வட்டம். காலணா அகலம்.

பக்கத்தில் இன்னொன்று.

கண்ணைத் திறக்கவில்லை. விரலைக் கீழே இறக்கினார். இறங்கிக்கொண்டே இருந்தது. நீளமாக, ஒடுங்கலாக, ஒரு கை தூரம். அங்கே கண்ணைத் திறந்தார். திருப்பிப் பதிந்த நம்பர். எவ்வளவு தேய்த்தும் போகாத மை.

கதவுக்கு அந்தப் பக்கம் சர்புன்னிசாவின் வளையல் சத்தம். "என்னங்க. புள்ளகிட்டருந்தா?"

வாயைத் திறந்தார். மூச்சுத்தான் வந்தது. சூடான மூச்சு. குனிந்திருந்த அவர் வாயிலிருந்து நேராகத் தோல்மேல் பட்டது.

பட்ட இடம் சிலிர்த்தது. சின்னச் சின்னப் புள்ளிகள். மணிக்கட்டிலிருந்து எழுந்து, முழங்கை தாண்டி, இரண்டு வட்டத்தையும் சுற்றிக்கொண்டு, தோள் வரைக்கும். பிறகு அடங்கியது. பிறகு மறுபடி எழுந்து, அவர் விரலை நோக்கி வந்தது.

"மொதலாளி," ஜன்னலுக்கு வெளியே முத்துச்சாமி கேட்டான், "சீமைல முடிச்சது எப்புடி இருக்கு?"

முதல் தரம் என்றது ராவுத்தரின் வாய், தன் பழக்கத்துக்கு.