ஒன்றுக்கும் ஆகாத மனுஷன்

அன்றைக்கு மாமனாரின் சட்டைப் பித்தான் ஐந்தும் அந்தந்த ஓட்டையில் சரியாக மாட்டியிருந்தன. ஞானஜோதி மாட்டிவிடவில்லை. புருஷன் தனசிங் ரயில்வே வேலையாக விழுப்புரம் போயிருந்தான், சனிக்கிழமைதான் வருவான். பக்கத்து வீட்டுக்காரி எவளோ இரக்கப்பட்டிருப்பாள், வேலையற்றவள் என்று ஞானஜோதி திட்டிக்கொண்டே அவருக்குச் சோற்றைப் பிசைந்தாள்.

மாமனார் அசரியா மேஸ்திரி ஒரு காலத்தில் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் கிணறு தூர் எடுத்தவர். இப்போது எது சோறு, எது சாம்பல் என்றுகூடத் தெரியாது என்பது அவள் தீர்மானம். போன மாதம் ஆஸ்பத்திரி நர்சு கேட்டாள், தானாகச் சாப்பிடுவாரா, தானாகக் குளிப்பாரா என்று.

"ஒன்னுமே முடியாது சிஸ்டர். எல்லாத்துக்கும் அதையே எழுதிக்கோங்க."

"குளிப்பாரு சிஸ்டர்," என்றான் தனசிங். "இவதான் வுடமாட்டா. லேட்டாவுதுன்னு தானே மொண்டு ஊத்திடுவா."

"ஆமா, நீ பாத்த. மூலையில ஒரு மூட்ட கீது. சோறு துன்ற மூட்ட. அவ்ளோதான்."

நர்சு இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

கத்திரி வெயில். இரும்புலியூரில் கிணறுகள் எல்லாம் அடிமட்டம் போய்விட்டன. இவர்கள் வீட்டுக் கிணற்றில் வாளி விட்டால் சேறுதான் வரும். உள்ளே இறங்கி, ஊறுகிற தண்ணீரைச் செம்பால் மொள்ள வேண்டும். தனசிங் இறங்குவான். அன்றைக்குக் குடிக்கச் சொட்டு இல்லை. கிணற்றை மூடியிருந்த நான்கு பலகைகளையும் நகர்த்திவிட்டு, மேஸ்திரியின் பழைய நூலேணியைக் கல்தூணில் முடிந்து உள்ளே தொங்கவிட்டாள். மேலே ஏறிவர அது ஒன்றுதான் வழி. பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால்கூட இறங்க யோசித்திருப்பாள். நின்றது மாமனார். கோவணம் கட்டத் தெரியாத கை முடிச்சை அவிழ்க்குமா?

"குந்து மாமா. பொம்ம மாதிரி குந்தினுரு. அதுவாச்சும் வருமில்ல?"

ஒவ்வொரு படி இறங்க இறங்க வெயில் தோளைவிட்டுக் கழன்றது, பாசியும் துருவும் நெடுநாள் மூடிவைத்த தகரப் பெட்டியின் வாடையும் மூக்கில் ஏறின, மின்சார ரயிலின் சத்தம் காதில் கேட்காமல் சுவரைத் தொட்ட உள்ளங்கையில் மட்டும் நடுங்கிற்று, வானம் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குச் சுருங்கியது. குடம் பாதி நிறைந்தபோது கல்குவாரியில் ஐந்து மணிச் சங்கு ஊதியது.

மேலே மணல் நெரிபட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிற நடை அல்ல. அழுத்தமான நடை.

விளிம்பில் தலை எட்டிப் பார்த்தது. முகம் தெரியவில்லை.

"வேல முடிஞ்சுது. பேர் கூப்புட்டதும் மேல வா."

மூன்று வருஷத்தில் அவள் கேட்காத குரல். கணீரென்று.

"இன்னா மாமா அங்க? போய்க் குந்து!"

"சம்பந்தம்!"

அவளுக்குத் தெரியும். தனசிங் சொல்லியிருக்கிறான். சங்கு ஊதினதும் மேஸ்திரி பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பேருக்காரன் பதில் சொல்லி ஏறுவான். எல்லோரும் ஏறினதும் ஏணியைச் சுருட்டி, பலகை போட்டு, கல்லை வைப்பார். ஒருநாளும் தவறாது. ஒரே ஒரு நாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் விஷக்காற்று அடித்து, கூப்பிட்டும் இரண்டு பேர் வரவில்லை. சம்பந்தம். எலியேசர்.

"வரேன் மேஸ்திரி."

அவள் காதருகே.

ஈரத் தோள் ஒன்று அவளை இடித்துக்கொண்டு போயிற்று. நூலேணி விறைத்தது. ஒரு படி கிறீச்சிட்டது. அடுத்த படி. அவள் நெற்றியில் சொட்டியது.

"எலியேசர்!"

"வரேன் மேஸ்திரி."

படியைப் பிடித்திருந்த அவள் கைமேல் ஒரு பாதம். சில்லென்று. ஊறிப்போய், மெத்தென்று. கையை இழுத்துக்கொண்டாள்.

மேலே விரல் விட்டு எண்ணுகிற நிழல்.

"மாமா! நான் கீறேன்! என்னைக் கூப்புடு! என் பேரச் சொல்லு!"

தலை சாய்ந்து யோசித்தது. உண்மையாகவே யோசித்தது. மூட்டைக்கு எதற்கு என்று அவள் அவரிடம் தன் பேரைச் சொன்னதே இல்லை.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு மேஸ்திரி." மேலிருந்து. இரண்டு குரல்.

ஏணி எழும்பியது. தாவினாள். விரல் நுனியில் கயிறு உரசியது. போயிற்று.

முதல் பலகை. இரண்டாவது.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். அதில் குனிந்து பார்க்கிற மூன்று தலை. இரண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நான்காவது பலகையை மூன்று பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.