கொக்கின் வயிற்றுச் சக்கரம்

வியாழன், 14ஆம் தேதி. இன்று ஒரு சின்னத் தப்பு. பட்டறையைப் பூட்டிவிட்டு, சாவியை எதிர் மருந்துக்கடையில் கொடுக்க மறந்து பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளை எல்லோருக்கும் முன்னால் போய்விட வேண்டும்.

டைரியில் அப்படி எழுதியவளால் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வேலை பார்க்கும் கிடங்கில் சரக்கு வந்து இறங்கியது. ஓட்டமும் நடையுமாக அவள் வந்து சேர்ந்தபோது மாலை 6.40. பட்டறை வாசலில் வகுப்பின் மற்ற நால்வரும் நின்றிருந்தார்கள். ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். அவள் எண் அவர்களில் ஒருவரிடமும் இல்லை. பல மாதங்களாக வருகிறாள். யாரும் கேட்டதில்லை, அவளும் கொடுத்ததில்லை.

"வா டைரி. வர மாட்டியோன்னு வாசல்லயே குடித்தனம் பண்ண முடிவு பண்ணிட்டோம்" என்றார் ஒயர்மேன்.

எதையும் எழுதி வைத்துக்கொள்வதால் அந்தப் பேர். வேறு எங்கும் அவளுக்குப் பட்டப்பேர் கிடையாது. கிடங்கில் அவளை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

மூடிப்போன ஓர் அச்சகத்தின் கீழ்த்தளம்தான் பட்டறை. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு கருவியைக் கொடுத்து உருவாக்கிய இடம். அங்கே டீச்சர் நடத்தும் மாலை வகுப்பில் ஐந்து பேருமாகச் சேர்ந்து ஓர் ஆள் உயர மரக்கொக்கைச் செய்திருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றினால் அது சிறகடிக்கும். நாளைக் காலை அதைக் குழந்தைகள் நூலகத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வேனை ஓட்ட டிரைவர் அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தார். அத்தோடு வகுப்பு முடிகிறது. அடுத்தது எப்போது என்று டீச்சருக்கே தெரியாது.

உள்ளே போனதும் டீச்சர் கைப்பிடியைச் சுற்றினார். அது தன்பாட்டுக்குச் சுற்றியது. சிறகு அசையவில்லை.

ஒயர்மேன் திருப்புளியை எடுத்துக்கொண்டு கொக்கின் வயிற்றுப் பெட்டியருகே உட்கார்ந்தார். மஞ்சள் மூடியில் நான்கு திருகாணிகள். திருப்புளி வழுக்கியது.

"டெய்லரம்மா, பெயின்ட் அடிச்சீங்களா, பூசி மெழுகினீங்களா? ஸ்க்ரூ தலையே தெரியல" என்று முணுமுணுத்தபடி கத்தி முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்டினார். மஞ்சள் செதில்கள் தரையில் உதிர்ந்தன. மூடி கழன்றது.

உள்ளே பெரிய பல்சக்கரம் இல்லை.

டிரைவர் அண்ணன் செய்த சக்கரம் அது. முதுகு போனதால் லாரியை விட்டவர், பொறுமையாக அரம் பிடித்து ஒவ்வொரு பல்லாக ராவியிருந்தார். இப்போது தன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து சிறகடிச்சதை எல்லாரும்தானே பார்த்தோம்!" என்றாள் டெய்லர் அக்கா. "கை தட்டினோம். டீச்சரும் ஒயர்மேனும் டீ குடிக்கப் போனாங்க. அண்ணன் மூடியைப் போட்டார், நான் பெயின்ட் அடிச்சேன், டைரி பூட்டினா. அவ்வளவுதான்."

டீச்சர் திரும்பினார். "பூட்டிட்டு சாவியை என்ன பண்ணினே?"

"என் பையில இருந்துச்சு."

"ராத்திரி முழுக்கவா?"

"ஆமா."

"வேற யார் கையிலயாவது?"

"குடுக்கல."

சன்னல்களில் கம்பி. வேறு சாவி கிடையாது. நான்கு முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

"நான் எடுக்கல டீச்சர்."

"எடுத்தேன்னு யாரும்மா சொன்னா?" அந்தக் குரலிலேயே சொல்லியாகிவிட்டது.

ஒருவேளை தானே எடுத்துவிட்டு மறந்திருப்போமோ என்று அவள் ஒரு கணம் பையைத் தடவிப் பார்த்தாள். தன்னை நம்புவது அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் சிரமம்.

"அந்தப் பொண்ணை விடுங்க" என்றார் டிரைவர் அண்ணன். "போனது போகட்டும். வீட்டுல நல்ல பலகை ஒண்ணு இழைச்சு வெச்சிருக்கேன். எல்லாருமா உட்கார்ந்தா ரெண்டு மாசத்துல செஞ்சிடலாம். நூலகம் எங்க ஓடிடப் போகுது?"

"நாளைக்கு அந்தப் பிள்ளைங்க மூஞ்சில எப்படிண்ணே முழிக்கிறது?" என்றாள் டெய்லர் அக்கா.

டீச்சர் கையை நீட்டினார். "சாவியைக் குடும்மா. நீ வீட்டுக்குப் போ. பிறகு பேசிக்கலாம்."

கொடுத்தாள். காது சுட்டது. போவதற்கு முன் விளக்குமாற்றை எடுத்தாள். வெள்ளிக்கிழமை பெருக்குவது அவள் முறை. திருட்டுப் பட்டம் கிடைத்தாலும் முறை முறைதான். செதில்களைக் கூட்டி அள்ளும்போது ஒன்று உள்ளங்கையில் ஒட்டியது. குச்சி போல நீளமாக, திருகாணித் தலையின் பள்ளத்தில் வார்த்து எடுத்தது போல உடையாமல் இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். நேற்று திருகாணிகள் மேலேயே அக்கா பெயின்ட் பூசியதை டைரியில் எழுதவில்லை. கண்ணெதிரே நடந்ததைத்தான் எழுதாமல் விட்டிருந்தாள்.

"ஒயர்மேன் சார், நாலு ஸ்க்ரூவையும் சுரண்டினீங்களா?"

"நாலும்தான். பள்ளம் பூரா பெயின்ட் அடைச்சுக் கிடந்துச்சு."

"அக்கா, பெயின்ட் மிச்சம் இருக்கா?"

"ஏது மிச்சம்? ரெண்டு பழைய டப்பாவை வழிச்சுக் கலந்த கலர் அது. கடையிலயும் கிடைக்காது. காலி டப்பாவை நீதானே கழுவி வெச்சே."

டப்பா அலமாரியில், தூரிகைகளைச் சுமந்தபடி இருந்தது.

"அப்ப ராத்திரி யாரும் மூடியைத் திறக்கல" என்றாள் மெதுவாக. "திறந்திருந்தா பள்ளத்துல இருந்த பெயின்ட் அப்பவே பேர்ந்திருக்கும். திரும்பப் பூச பெயின்டும் இல்ல. இன்னைக்குச் சுரண்டுற வேலையே இருந்திருக்காது. பெயின்ட் அடிச்சப்பவே உள்ள சக்கரம் இல்ல டீச்சர். இல்லாத சாமானுக்குத்தான் நான் பூட்டுப் போட்டிருக்கேன்."

"கை தட்டினதுக்கும் பெயின்ட் அடிச்சதுக்கும் நடுவுலயா?" ஒயர்மேன் மோவாயைத் தடவினார்.

"நீங்க ரெண்டு பேரும் டீக்கடையில. நான் பின்னாடி குழாயடியில. அக்கா அந்த மூலையில பெயின்ட் கலக்கிட்டு இருந்தாங்க."

மிச்சம் ஒருவர்தான். சொன்னால் அவருக்கு இந்த இடம் இல்லாமல் போகும். சொல்லாவிட்டால் அவளுக்கு.

"மூடி போட்டது நீங்கதானே அண்ணே?" என்றாள். குற்றம் சாட்டுவது போல இல்லை, வழி கேட்பது போல இருந்தது.

டிரைவர் அண்ணன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். துணியில் சுற்றிய சக்கரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"திருப்பி வெச்சிடலாம்னுதான் அஞ்சு மணிக்கே வந்தேன். மருந்துக்கடையில சாவி இல்ல. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தீங்க. வாசல்ல சும்மா நின்னு பேசிட்டு இருந்தோம். நல்லா இருந்துச்சு. இந்த வகுப்பு இன்னும் ரெண்டு மாசம் இழுத்தா என்னன்னு திரும்பத் தோணிடுச்சு." அவர் துணியை மடித்தார். "வீட்டுல ஃபேன் சத்தம்தான் பேச்சுத்துணை."

"அதுக்காக ஒரு சின்னப் பொண்ணு தலையில பழி விழுறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தீங்களே" என்றார் டீச்சர்.

சக்கரத்தை அவரே பொருத்தினார். கைப்பிடியைச் சுற்றியதும் கொக்கு அகலமாகச் சிறகடித்தது. யாரும் கை தட்டவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

டீச்சர் சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார். "தப்பா நினைச்சிட்டேன்."

"சரி, நாளைக்கு வேன் யார் ஓட்டுறது?" என்றார் ஒயர்மேன். "கோபத்தை அப்புறம் வெச்சுக்கலாம். அவருக்கு ஒரு போனைப் போடுங்க."

மூவரும் போனை எடுத்தார்கள். தேடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எண் யாரிடமும் இல்லை.

"தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி ஏதோ மாடி வீடுன்னு ஒரு தடவை சொன்னார்" என்றாள் டெய்லர் அக்கா.

வெள்ளி, 15ஆம் தேதி. சாவியை மருந்துக்கடையில் கொடுத்தாகிவிட்டது. நேற்றே கொடுத்திருந்தால் சக்கரம் அவர் கையாலேயே உள்ளே போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் கண்டுபிடித்தது நல்லதா என்று தெரியவில்லை. நாளை: காலையில் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மாடி வீடுகளில் டிரைவர் அண்ணனைத் தேட வேண்டும். வேன் ஓட்டக் கூப்பிட வேண்டும். அவர் எண்ணை வாங்க வேண்டும். என் எண்ணைக் கொடுக்க வேண்டும்.