மிச்சமிருந்த கண்கள்

தேவாலயத்துச் சாவியை ஸ்டமாத்தாவின் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மரூசோவால் முடியவில்லை. கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

"நடுப்பகல்ல யாராவது அங்க போவாங்களாடி? பேய்க்குப் பசிக்கிற நேரம்."

ஸ்டமாத்தா காதில் வாங்கவில்லை. அவளுடைய மகள் ரினியோவுக்கு ஈஸ்டர் முடிந்த கையோடு பார்வை முழுதாய்ப் போய்விட்டது. துறைமுகத்து டாக்டரும் கையை விரித்துவிட்டார். சுவரில் இருக்கும் புனிதரின் கண்ணைச் சுரண்டி, அந்தத் தூளைக் குழைத்துத் தடவினால் பார்வை திரும்பும் என்பது கிரேக்கத் தீவான நாக்ஸோஸின் மலையூர்த் தாய்மார்களின் நம்பிக்கை. அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஆலிவ் மரங்களுக்கு நடுவே தேவாலயம் பாதி மண்ணுக்குள் இறங்கிக் கிடந்தது. உள்ளே பழைய எண்ணெயும் எலிப்புழுக்கையும் நாறின. வாசலைத் தாண்டியதுமே வெளியே கத்திய சில்வண்டுகளின் சத்தம் அறவே நின்றுபோனது.

சுவரெங்கும் புனிதர்கள். ஒருவருக்கும் கண் இல்லை. முன்னால் வந்தவர்கள் சுரண்டித் தீர்த்திருந்தார்கள்.

மூலையில் ஒரு பெண் உருவத்துக்கு மட்டும் கண்கள் இருந்தன.

"இவ புனிதை இல்லடி," மரூசோ கிசுகிசுத்தாள். "தலைய சுத்தி ஒளிவட்டம் எங்க? கோயிலக் கட்டிக் குடுத்த சீமாட்டி. இந்தக் கல்லுக்கடியிலதான் கெடக்கா. விட்டுரு."

"எம்புள்ளைக்கு வேற வழி இல்லக்கா."

கத்தியை வைத்தாள். உதிர்ந்த தூள் ஈரமாக இருந்தது.

சாயங்காலம் அதைக் குழைத்து மகளின் இமைகளில் தடவினாள்.

"அம்மா, தெரியுது."

ஸ்டமாத்தா அழுதேவிட்டாள். "என்ன தெரியுது, கண்ணு?"

"சுவத்துல நிறைய ஆளுங்க. யாருக்கும் கண்ணில்ல."

ஸ்டமாத்தா மகளின் தோள்களைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவு தொறக்குது. மரமெல்லாம் பின்னால போகுது."

"கண்ண மூடும்மா."

"மூடித்தான் இருக்கேன்."

ஈரத்துணியால் துடைத்தாள். தூள் முழுதும் போய்விட்டது. பார்வை போகவில்லை.

"நம்ம தெரு வந்துடுச்சு. நம்ம வாசல்."

ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து மகளை வாரியெடுத்து, முகத்தைத் தன் மார்பில் புதைத்துக்கொண்டாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப ஒண்ணும் தெரியலதானே?"

"தெரியுதும்மா."

"என்ன?"

"உன் முதுகு."