தாழ்ப்பாள் இல்லாத கதவு

அமெரிக்காவின் வடக்கே தூலூத் நகரம். ஜனவரி, காலை ஏழரை மணி. ஹெல்மி லேசாகத் தொட்டதும் கதவு திறந்துகொண்டது. உள்ளே தரையில் அவளுடைய மாமா வால்ஃப்ரிட் கிடந்தார். உயிர் இல்லை.

சற்று முன்பு அதே கதவைத் தோளால் இடித்திருந்தாள். அசையவில்லை. மறுபக்கம் மாமா மூச்சுக்குத் தவித்தபடி தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஆஸ்துமா மருந்து சமையலறையில் இருந்தது. குளிருக்காக ஜன்னலில் பலகை அடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு பெர்க்ஸ்ட்ரமை அழைத்து வர ஓடினாள். திரும்பியபோது தட்டும் சத்தம் நின்றிருந்தது.

போலீஸ் அதிகாரி ரூத் காங்கஸ் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். தாழ்ப்பாளே இல்லை.

"நீ தொட்டதும் திறந்துச்சுன்னு பெர்க்ஸ்ட்ரம் சொல்றாரே?"

"அதுக்கு முன்னாடி திறக்கல மேடம். நிஜமா திறக்கல."

வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். தன் பேச்சு தனக்கே பொய்யாகக் கேட்டது. ஹெல்மியின் கண் ரூத்தின் இடுப்பில் தொங்கிய கைவிலங்குக்குப் போனது.

ரூத் கதவு நிலையின் மேல் மூலையைப் பார்த்தாள். சுவரில் புதிய விரிசல். இறந்தவரின் தலைமுடியில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள்.

நிலவறையைப் புதுப்பிக்கும் மேஸ்திரி ஐனோ வந்து சேர்ந்தான். தொய்ந்துபோன தரையைத் தாங்க, பழைய உத்தரங்களோடு புதுப் பலகைகளைச் சேர்த்து போல்ட் போட்டுக்கொண்டிருந்தான். உள் படிக்கட்டைப் பிரித்தாயிற்று. நிலவறைக்கு வெளிக்கதவு ஒன்றுதான் வழி, சாவி அவனிடம் மட்டும். காய்ச்சலால் ஒரு வாரமாக இந்தப் பக்கமே வரவில்லை, தரையைத் தூக்கும் ஜாக்கியைத் தொடவில்லை என்றான்.

"பழைய வீடு மேடம். என் மாமியாரைவிட முனகும்."

யாரும் சிரிக்கவில்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு ரூத் கீழே இறங்கினாள். அதற்கு முன் ஹெல்மியை அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னாள். உடலை எடுத்துப் போயிருந்தார்கள். மாமா கிடந்த இடத்தில், கதவை ஒட்டி நின்றாள். கீழே ஜாக்கி கிறீச்சிட்டதும் காலடியில் தரை முனகியது. தலையில் தூள் கொட்டியது. கதவை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கத்த வாய் திறந்தபோது தரை தணிந்தது. கதவு தானாக அசைந்தது.

தரையில் திறந்திருந்த குழாய்த் துளை வழியே கீழிருந்து ரூத்தின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இப்ப நான் ஜாக்கியை ஏத்தி இறக்கிப் பாத்தேன் ஐனோ. எங்க வீட்டுத் தரையையும் தூக்கியிருக்கோம். நாளுக்குக் கொஞ்சமாத்தான் தூக்கணும். ஒரேயடியா தூக்கினா மேல கதவெல்லாம் நிலையில இறுகிடும்னு உனக்குத் தெரியாதா?"

"ஒரு வாரமா நான் வரலையே."

"இந்தத் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவுல நீ அடிச்ச ஆப்பு, நான் ஜாக்கியைத் தொடுறதுக்கு முன்னாடியே தரையில கிடந்துச்சு. வீட்டுப் பாரம் அழுத்துறவரைக்கும் அது விழாது. உத்தரம் மேல போனாத்தான் கழலும். பக்கத்து ஆப்பெல்லாம் தூசியா இருக்கு. இது மட்டும் தூசிக்கு மேல சுத்தமா கிடந்துச்சு, இப்பத்தான் விழுந்திருக்கு. சாவி உங்கிட்ட மட்டும்தான்."

குழாய்க்கு வழிவிடப் பெரிய உத்தரத்தையே அவன் பாதி வெட்டியிருந்தான். அதைக் கண்டுபிடித்த வால்ஃப்ரிட், நகராட்சிக்குச் சொல்லி அவனுடைய உரிமத்தைப் பறிப்பதாக மிரட்டியதை, பெர்க்ஸ்ட்ரமிடம் கேட்டறிந்திருந்த ரூத் சொன்னாள். அந்த வெட்டு ரூத்தின் தலைக்கு மேலேயே தெரிந்தது.

"ஜாக்கியை எப்ப இறக்கின?"

"அவர் தட்டுறது நின்னதும்."

ஹெல்மி கதவருகே உட்கார்ந்துவிட்டாள். அவள் இந்தப் பக்கம் இடித்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும், அவன் அவள் காலுக்கு அடியில் காதைக் கொடுத்து நின்றிருக்கிறான்.